பின் சக்கரச் சத்தமும் சீலநாயக்கன்பட்டிப் பிரேக் பட்டறையும்

சேலம் சீலநாயக்கன்பட்டிப் புறவழிச்சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், சிறு சரக்கு வண்டிகளின் பிரேக், கிளட்ச் வேலையை மட்டுமே எடுத்துச் செய்யும் ஒரு பட்டறை இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து காப்பிக் கொட்டை, மிளகு, காய்கறி என்று பருவத்துக்கு ஏற்பச் சரக்கு இறக்கும் எங்கள் ஒன்றரை டன் பிக்கப் வண்டியின் பின் சக்கரத்தில் எழுந்த சத்தத்துக்கு அங்கேதான் சரியான காரணம் தெரிந்தது. அவர்கள் வேலை செய்யும் முறை, அதற்கான சாமான்களைச் சேலத்துக் கடைகளில் தேடி வாங்கிய விதம், கொடுத்த பணத்துக்கு அது தகுமா தகாதா என்பவற்றையே இந்த மதிப்புரையில் எழுதுகிறேன். பட்டறையின் பெயரைக் குறிப்பிடவில்லை. "இருக்கிற வண்டியை நிறுத்தவே இடம் பத்தலைங்க, பேரை மட்டும் போட்டுராதீங்க" என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அந்தப் பகுதியின் உதிரிபாகக் கடைகளில் பிரேக் மட்டும் பார்க்கும் இடம் எது என்று விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள்.

முதலில் சத்தத்தின் தன்மையைச் சொல்ல வேண்டும். மலையிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது முதல் சில வளைவுகளில் ஒன்றும் கேட்காது. பாதி மலை கடந்து பிரேக் சூடேறிய பிறகு, பெடலை அழுத்தி மிதித்தால் சத்தமில்லை. லேசாக மிதித்துக்கொண்டே வந்தால் பின்னாலிருந்து கீச்சென்று நீண்ட ஒலி எழும். அடிவாரம் வந்து கோரிமேட்டுச் சாலையில் ஓடி வண்டி ஆறியதும் அது நின்றுவிடும். இது தவிர, பின்னோக்கி எடுத்து நிறுத்தும்போதும் மறுபடி முன்னோக்கி நகர்த்தி முதல் முறை பிரேக் பிடிக்கும்போதும் 'டக்' என்று ஒரு தட்டல். இரண்டும் ஒரே கோளாறின் இரு முகங்கள் என்றுதான் இதற்கு முன் பார்த்த பட்டறையில் சொன்னார்கள். சக்கரத்தோடு சுழலும் டிரம்மைக் கழற்றி, அதன் உட்புறத்தில் உராய்ந்து வண்டியை நிறுத்தும் லைனரை உப்புத்தாளால் தேய்த்து, காற்றடித்துத் தூசியைப் போக்கி மாட்டிக் கொடுத்தார்கள். சில நாள் அமைதியாக இருந்த சத்தம், பாரம் ஏற்றி இறங்கத் தொடங்கியதும் திரும்ப வந்தது. அடுத்து அவர்கள் சொன்ன மருந்து, லைனரை மாற்றிவிடுவது.

சமவெளியில் மட்டும் ஓடும் வண்டியாக இருந்திருந்தால் நானும் அதோடு விட்டிருப்பேன். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியும் பாரமுமாக மூன்று டன் எடை அந்த 1,200 மீட்டரை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால், ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரம் வருகிறது. காற்றும் டயரும் எஞ்சினும் அதில் ஒரு பங்கைத் தாங்குகின்றன. மீதி முழுவதும் நான்கு சக்கரங்களின் உராய்வுப் பரப்பில் வெப்பமாகத்தான் போக வேண்டும். இரண்டாம் கியரில் இறங்குபவருக்கு எஞ்சினின் பங்கு கூடும். எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு நியூட்ரலில் விடுபவருக்கு அந்தப் பங்கே இல்லை. தொப்பூர்க் கணவாயில் நடந்த லாரி விபத்துகளின் கதை சேலத்து ஓட்டுநர்களுக்குப் புதிதல்ல. ஆகவே சூடேறினால் மட்டும் வரும் பிரேக் சத்தத்தைச் 'சத்தம்தானே' என்று ஒதுக்கிவிட முடியாது.

பட்டறையில் வண்டியை நிறுத்தியதும் ஜாக்கியை எடுக்கவில்லை என்பதே என்னை முதலில் கவர்ந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க தலைமை மெக்கானிக், வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்துவிட்டுக் கேள்விகளாகக் கேட்டார். "சத்தம் மிதிக்கும்போது வருதுங்களா, விட்ட பிறகு வருதுங்களா? வெறும் வண்டியில வருமா? வலது பக்கம் திருப்பும்போது கூடுதா? மழை பெஞ்ச மறுநாள் காலையில எப்படி இருக்கு?" பிறகு அவரே ஓட்டினார், நான் பக்கத்தில் அமர்ந்தேன். சாலையில் ஒரு மதில் சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினார். சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதால் முன் சக்கரமா பின் சக்கரமா என்பது தெளிவாகப் பிரிந்து கேட்கிறது. அடுத்து, ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் போகும்போது கால் பிரேக்கைத் தொடாமல், ஹேண்ட் பிரேக்கை அதன் பொத்தானை அழுத்தியபடியே சிறிது சிறிதாக இழுத்துப் பார்த்தார். இந்த வகை வண்டிகளில் ஹேண்ட் பிரேக் கம்பி வழியாக, லைனரைத் தாங்கும் பின் சக்கர ஷூவை மட்டுமே இயக்கும். எண்ணெய் அழுத்தத்துக்கும் முன் சக்கரத்துக்கும் அதில் வேலை இல்லை. அப்படி இழுக்கும்போதே 'டக்' என்ற தட்டல் வந்துவிட்டதால், முன் சக்கரமும், எண்ணெய் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரும் அந்தத் தட்டலுக்குக் காரணமல்ல என்பது சாவி ஒன்றைக்கூட எடுக்காமலே உறுதியாகிவிட்டது.

சக்கர பேரிங்கையும் அதே ஓட்டத்தில் விலக்கினார். பேரிங் தேய்ந்திருந்தால் உறுமல் வேகத்தோடு சேர்ந்து ஏறும். வண்டியை இடமும் வலமும் வளைத்து ஓட்டும்போது பாரம் மாறுவதால் அந்த ஒலியும் மாறும். பிரேக் பிடித்தாலும் விட்டாலும் பெரிதாக வேறுபாடு தெரியாது. எங்கள் வண்டியில் அப்படி எதுவும் இல்லை. திரும்பி வந்து சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றியும் பார்த்துக்கொண்டார்கள். இதற்கெல்லாம் சோதனைக் கூலி ₹500. வேலையை அங்கேயே செய்தால் பில்லில் கழித்துவிடுகிறார்கள். பார்ப்பதற்குக் கூலியா என்று முகம் சுளித்த ஒரு வாடிக்கையாளரை அன்றைக்கு அங்கேயே பார்த்தேன். என் எண்ணத்தில் அந்த ஐந்நூறு ரூபாய்தான் இந்தப் பட்டறையில் கிடைக்கும் மிக மலிவான சரக்கு. பார்ப்பதற்குக் கூலி வாங்காதவர், சாமானை மாற்றியாக வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார்.

டிரம்மைக் கழற்றியதும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது: லைனர் தேயவில்லை. பாதிக்கு மேல் தடிமன் மிச்சம் இருந்தது. ஆனால் அதன் நடுப்பகுதி மட்டும் கறுத்துக் கண்ணாடி போல் வழவழப்பாக இருந்தது. இரு ஓரங்களிலும் டிரம்மைத் தொட்ட அடையாளமே இல்லை. டிரம்மின் உட்புறத்தில் ஆங்காங்கே நீலம் பாய்ந்த திட்டுகள். வலப்பக்க டிரம்மில் அந்தத் திட்டுகளின் மீது மயிரிழை விரிசல்களும் தென்பட்டன.

காரணத்தை அளவுகோல் காட்டியது. இந்த டிரம்கள் முன்பு எப்போதோ லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் ஓட்டிச் சமன் செய்யப்பட்டவை. லேத்தில் ஓட்டும்போது உள்விட்டம் கூடுகிறது; கூடிய விட்டத்தின் வளைவுக்குப் பொருந்தாத சாதாரண அளவு லைனரைப் போட்டால், ஷூவின் வளைவு டிரம்மின் வளைவைவிடச் சிறியதாக இருக்கும்; அப்போது லைனரின் நடு முகடு மட்டுமே டிரம்மைத் தொடும். மலையிறக்கத்தின் வெப்பம் முழுவதும் அந்தச் சிறு பரப்பில் குவிகிறது. லைனரில் உள்ள பிசின் அந்தச் சூட்டில் சிதைந்து மேலே படிந்து இறுகிப்போக, உராய்வு குறைந்து, லேசான மிதிக்கு ஷூ அதிரத் தொடங்குகிறது. அந்த அதிர்வுதான் கீச்சொலி. உப்புத்தாளால் தேய்த்தால் வழவழப்பு போகும், வளைவு மாறாது. அதனால்தான் சத்தம் சில நாளில் திரும்பியது. புது லைனரை மட்டும் மாற்றியிருந்தாலும் அதே நடுமுகடுதான் தொட்டிருக்கும். பணம் போயிருக்கும், சத்தம் இருந்திருக்கும்.

'டக்' என்ற தட்டலுக்குக் காரணம் வேறு. ஷூவின் ஓரம் வந்து சாய்ந்து நகரும் மேடைகள், ஷூவுக்குப் பின்னால் நிற்கும் பேக் பிளேட் தகட்டில் ஒரு ஷூவுக்கு மூன்று வீதம் இருக்கும். கிரீஸ் வற்றி உலோகத்தோடு உலோகம் உரசியதால் அந்த மேடைகளில் பள்ளம் விழுந்திருந்தது. ஷூ வெளியே விரியும்போது பள்ளத்தின் விளிம்பில் தடுக்கி, பிறகு துள்ளி நகர்கிறது. முன்னோக்கியும் பின்னோக்கியும் சக்கரம் சுழலும் திசை மாறும்போது ஷூ பக்கம் மாறி அமர்வதால், பின்னால் எடுத்த பிறகான முதல் பிரேக்கில் அது பளிச்சென்று கேட்கிறது. இரண்டு சத்தங்களும் ஒரே இடத்திலிருந்து வந்தாலும் இரு வேறு காரணங்களால் வந்தவை என்று பிரித்துச் சொன்ன முதல் ஆள் இந்த மெக்கானிக்தான்.

இதோடு நிற்காமல், முன் சக்கர டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்று கேட்டார். வழக்கத்தைவிட விரைவாகவே தேய்ந்துவந்தது. உடனே வண்டிக்கு அடியில் படுத்து, பின் அச்சுக்கு மேலே இருக்கும் ஒரு வால்வின் கம்பியைக் காட்டினார். பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது, பட்டறைகளில் எல்.எஸ்.பி.வி. என்பார்கள். பாரம் ஏற ஏற வண்டியின் உடல் அச்சை நோக்கித் தாழும். அந்தத் தாழ்வைக் கம்பி உணர்ந்து பின் சக்கரத்துக்கு அதிக அழுத்தம் விடும். கூடுதல் சரக்குக்காகப் பின்னால் ஸ்பிரிங் பட்டை கூட்டிய வண்டி பாரம் ஏறினாலும் அவ்வளவாகத் தாழ்வதில்லை. வால்வு அதை வெறும் வண்டி என்றே நினைத்துக்கொண்டு பின் பிரேக்கை அடக்கி வைக்கிறது. முன் பேட் தன் பங்குக்கு மேல் உழைத்துத் தேய்கிறது. பின் லைனரோ இறுகப் பிடிக்காமல் மலை முழுவதும் மெல்ல உரசிக்கொண்டே வந்து வழவழப்பாகிறது. பட்டை கூட்டுவது இந்த வட்டாரத்தில் அன்றாட வழக்கம். கூட்டியபின் இந்தக் கம்பியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லும் பட்டறையை நான் இதற்கு முன் கண்டதில்லை.

இனி சாமான் தேடியதைச் சொல்கிறேன். டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பிக்கப் போன்ற வண்டிகளில் பொதுவாக முன்னால் டிஸ்க்கும் பேடும், பின்னால் டிரம்மும் ஷூவும்தான். கடையில் போய்ப் 'பின் பிரேக் பேட்' என்று பொதுவாகக் கேட்டால், அவசரத்தில் இருக்கும் பையன் முன் சக்கரப் பேட் பெட்டியை எடுத்து வைத்துவிட வாய்ப்பு உண்டு. பட்டறையில் இதற்கென்று ஒரு சீட்டு எழுதித் தருகிறார்கள். வண்டியின் சேஸிஸ் எண், தயாரித்த மாதமும் ஆண்டும், டிரம்மின் உள்விட்டம், லைனரின் அகலம், லைனர் ஒட்டியதா ரிவிட் அடித்ததா என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். ஒரே பெயரில் ஓடும் வண்டியிலேயே ஆண்டுக்கு ஆண்டு டிரம் அளவு மாறியிருக்கக்கூடும் என்பதால், பெயரை மட்டும் சொல்லி வாங்குவது குருட்டுப் போக்கு. அந்தச் சீட்டு இல்லாமல் யாரும் கடை ஏறக் கூடாது என்பேன்.

எங்கள் டிரம்முக்கு இரண்டு வழிகள் இருந்தன. டிரம்மை மறுபடி லேத்தில் ஓட்டி, அதற்குப் பொருந்தும் ஓவர்சைஸ் லைனரைப் போடுவது ஒன்று. டிரம்மையே புதிதாக வாங்கிச் சாதாரண அளவு லைனரைப் போடுவது மற்றொன்று. பெரிய லாரிகளுக்கு முதல் ஓவர்சைஸ், இரண்டாம் ஓவர்சைஸ் என்று லைனர்கள் கடைகளில் புழங்குகின்றன. எங்கள் சிறு வண்டிக்கு விசாரித்த கடைகளில் எல்லாம் சாதாரண அளவு மட்டுமே இருந்தது. தவிர, டிரம்மின் விளிம்பில் அதிகபட்ச உள்விட்டம் வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். விரிசல் போகும் வரை ஓட்டினால் எங்கள் வலப்பக்க டிரம் அந்த எல்லையைத் தாண்டிவிடும் என்று அளந்து காட்டினார்கள். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாகப் போட்டால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். ஆகவே இரண்டு டிரம்களும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. பில்லில் பெரிய தொகை இதுதான்.

லைனருக்கு மூன்று விதமான கடைகளை ஏறி இறங்கினேன். வண்டி நிறுவனத்தின் உதிரிபாகக் கவுண்டரில் சேஸிஸ் எண்ணைத் தட்டிப் பார்த்துப் பாக எண்ணைச் சொன்னார்கள். விலை கூடுதல், ஆனால் ஐயத்துக்கு இடமில்லை. டிரம்மை மட்டும் வரவழைத்துத்தான் தர முடியும் என்றார்கள். அடுத்தது, ரானே, சுந்தரம், பிரேக்ஸ் இந்தியா முதலிய சென்னை நிறுவனங்களின் சரக்கை விற்கும் கடை. வண்டி நிறுவனங்கள் லைனரையும் பேடையும் தாமே வார்ப்பதில்லை. இப்படிப்பட்ட நிறுவனங்களிடம் வாங்கித்தான் பொருத்துகின்றன. அதனால் இந்த வகைக் கடையில் விலைக்கும் தரத்துக்கும் பொருத்தம் நன்றாக இருந்தது. மூன்றாவது, பெட்டியில் பெயர் கூடத் தெளிவாக அச்சாகாத மலிவுச் சரக்கு. பாதி விலை. விற்பவரே "ஊருக்குள்ள ஓடுற வண்டிக்குப் போதுங்க, மலைக்கு வேண்டாம்" என்று நேர்மையாகச் சொன்னதால் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

லைனரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது பயன் தரும். வரிசை எண்களின் இறுதியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும். முதல் எழுத்து சாதாரண வெப்பநிலையிலும் இரண்டாவது எழுத்து சூடேறிய நிலையிலும் லைனர் காட்டும் உராய்வைக் குறிப்பவை. இ (E) என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, எஃப் (F) என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி (G) என்றால் 0.45 முதல் 0.55 வரை. மலையில் இறங்கும் வண்டிக்கு இரண்டாவது எழுத்தே முக்கியம். எஃப்-இ என்றிருக்கும் லைனர் காலையில் நன்றாகப் பிடித்துவிட்டு, சூடேறிய பின் கைவிடும். எஃப்-எஃப் சூட்டிலும் ஏறக்குறைய அதே பிடியில் நிற்கும். ஜி உயர்ந்தது என்பதற்காகப் பின் சக்கரத்தில் தாறுமாறாக ஜி-ஜி போடுவதும் ஆபத்தே, வெறும் வண்டியில் மழைச் சாலையில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பழைய லைனரில் என்ன எழுத்து இருந்ததோ அதையே கேட்டு வாங்குவது நல்லது. நாங்கள் எஃப்-எஃப் வாங்கினோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 2742 எண் பெட்டியில் இருக்கிறதா, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலக்காதது என்று அச்சிட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன். தயாரித்தவரின் முகவரி, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவை பெட்டியின் மேல் இருக்க வேண்டியது சட்டப்படியான கட்டாயம். போலிச் சரக்குகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்கும்.

பொருத்தும் வேலையில் நான் கவனித்தவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். டிரம்முக்குள் இருந்த தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல், கீழே தட்டு வைத்து நீர்த்த கரைசலால் கழுவி எடுத்தார்கள். பழைய லைனர்களில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் இது பட்டறைப் பையன்களின் நுரையீரலைக் காக்கும் செயல். சேலத்தில் நான் பார்த்த பல இடங்களில் இந்த அக்கறை இல்லை. பேக் பிளேட் மேடைகளின் பள்ளத்தை வெல்டிங் வைத்து நிரப்பித் தேய்த்துச் சமனாக்கி, ஆறு மேடைகளிலும் வெப்பம் தாங்கும் கிரீஸை நகக்கண் அளவுக்குத் தடவினார்கள். இழுவிசை போன ஸ்பிரிங்குகளை மாற்றினார்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கி ஈரம் கசிகிறதா என்று பார்த்தார்கள். கசியவில்லை, எனவே அதை மாற்றச் சொல்லவில்லை. ஷூவின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர் திருகுகள் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் எதிரெதிர் மரையில் இருக்கும். கலந்துவிடாமல் ஒவ்வொரு பக்கச் சாமானையும் தனித் தட்டில் வைத்திருந்தார்கள். லைனரின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் சற்றுச் சாய்வாகத் தேய்த்த பிறகே மாட்டினார்கள். கூர்விளிம்பு டிரம்மைக் கவ்வி எழுப்பும் கீச்சொலியை அது குறைக்கும்.

ஹேண்ட் பிரேக் கம்பியை முதலில் முழுவதும் தளர்த்திவிட்டு, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்து, கடைசியாகக் கம்பியை இறுக்கினார்கள். இந்த வரிசை மாறினால் ஷூ எப்போதும் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். பிரேக் ஆயில் பழுப்பாக மாறியிருந்ததால் டாட் 4 வகை ஆயில் ஊற்றி, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருக்கும் இடப் பின் சக்கரத்திலிருந்து தொடங்கிக் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றினார்கள். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். பெடல் திடீரென்று மெத்தென்று ஆவதன் காரணம் பல நேரம் இதுதான். மலை வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதைத் தள்ளிப் போடக் கூடாது.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது, சக்கர நட்டுகளை நீளக் குழாய் செருகிய சாவியால் கைப்பலத்தில் இறுக்குகிறார்கள். முறுக்கு விசை காட்டும் சாவி அங்கே இல்லை. நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி வந்து இறுக்கிக்கொள்ளச் சொன்னார்கள் என்றாலும், இவ்வளவு கவனமாக வேலை செய்யும் இடத்தில் அந்தச் சாவி இல்லாதது உறுத்துகிறது. இரண்டாவது, அந்த எல்.எஸ்.பி.வி. வால்வைச் சரியாக அமைக்க அழுத்தமானி தேவை. அதுவும் அவர்களிடம் இல்லை. கம்பியைத் தோராயமாகச் சரிசெய்து தர மறுத்து, அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். தெரியாததைச் செய்யாமல் விட்டது நேர்மைதான். ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு இடம் அலைய வேண்டியிருக்கிறது. மூன்றாவது, காத்திருக்க நிழல் இல்லை. பங்குனி வெயிலில் இரும்புக் கூரைக்குக் கீழே நிற்பது கடினம். ஜி.எஸ்.டி. பில் கேட்டால்தான் போடுகிறார்கள். கூலியைப் பேரம் பேசினால் உரிமையாளரின் குரல் ஏறிவிடுகிறது. பேசாமல் இருப்பவருக்கு மரியாதை குறைவதில்லை. கழற்றிய பழைய ஷூக்களையும் டிரம்களையும் கேட்காமலே வண்டியில் ஏற்றிவிட்டதை, இந்தக் குறைகளுக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்ததும் நேராக மலை ஏற விடவில்லை. புது லைனரும் புது டிரம்மும் ஒன்றோடொன்று பழகும் வரை பாரம் வேண்டாம் என்றார்கள். ஓமலூர்ச் சாலையில் வெறும் வண்டியை 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய், சக்கரம் பூட்டாமல் 15 வரை மெல்லக் குறைத்து, ஆறவிட்டு, மறுபடி அதையே செய்யும்படி சொன்னார்கள். அதிவேகத்தில் அழுத்தி மிதித்தால் புது லைனரே முதல் நாளில் வழவழப்பாகிவிடும். சொன்னபடி ஓட்டிய பிறகு பாதிப் பாரம், அதன்பின் முழுப் பாரம் என்று ஏற்றினோம்.

இப்போது ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து முழுப் பாரத்தோடு கிளம்பி அடிவாரம் வரை வந்தாலும் பின்னாலிருந்து கீச்சொலி இல்லை. பின்னோக்கி எடுத்து நிறுத்தினாலும் தட்டல் இல்லை. ஹேண்ட் பிரேக் முன்பைவிடக் குறைந்த இழுப்பிலேயே வண்டியை நிறுத்துகிறது. மழை பெய்த இரவுக்கு மறுநாள், ஏற்காட்டுப் பனியில் நின்ற வண்டியை எடுக்கும்போது முதல் ஓரிரு மிதிக்கு ஒரு கரகரப்பு வருகிறது. டிரம்மின் உட்பரப்பில் ஒரே இரவில் படியும் மெல்லிய துரு அது. வார்ப்பிரும்பு டிரம் உள்ள எந்த வண்டியிலும் வரக்கூடியது, அடுத்த வளைவுக்குள் போய்விடும். இதற்காக யாரும் பட்டறைக்கு ஓட வேண்டியதில்லை.

காற்று பிரேக் உள்ள பெரிய லாரிகளை இவர்கள் தொடுவதில்லை. அவற்றுக்குச் சங்ககிரி, நாமக்கல் பக்கம் போவதே சரி. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியை இங்கே கொண்டுவந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே சேவை நிலையத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். சிறு சரக்கு வண்டிக்காரர்கள், அதிலும் மலைக்கு ஏறி இறங்குபவர்கள், காலையில் பட்டறை திறக்கும் நேரத்துக்கே வரிசையில் நின்றுவிடுவது நல்லது. சத்தம் பாரத்தோடு மட்டும் வருகிறது என்றால் பாரத்தை இறக்காமலே கொண்டுவரச் சொல்கிறார்கள். ஓட்டிப் பார்த்த பிறகே இறக்கலாம். எல்.எஸ்.பி.வி. கம்பியை மட்டும் நாங்கள் சேவை நிலையத்தில் அமைத்துக்கொண்டோம். அதன் பிறகு முன் பேடின் தேய்மானமும் நிதானத்துக்கு வந்திருக்கிறது.